பத்தில் ஒரு பங்கு வெளிச்சம்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

பூச்சி எழுதிக்கொண்டது. நான் சுகம். நீயும் அத்தானும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? "எல்லோரும் நலம்" என்று போன தடவை மாதிரி ஒரே வரியில் முடித்துவிடாதே. அந்தக் கடிதத்தை நான் காபி ஆறுவதற்குள் மூன்று முறை படித்துவிட்டேன்.

போனில் பேசலாம்தான். ஆனால் நீ எப்போதும் ஸ்பீக்கரில் போடுகிறாய். நான் ஒன்று கேட்டால் அத்தான் பதில் சொல்கிறார். அதற்கு இதுவே மேல்.

புது வேலையில் சேர்ந்துவிட்டேன். என்ன வேலை என்று கேட்டிருந்தாய். ஒவ்வொரு பெரிய விண்மீன் கூட்டத்தின் நடுவிலும் ஒரு ராட்சசக் கருந்துளை உட்கார்ந்திருக்கிறது. கோடிக்கணக்கான சூரியன்களின் எடை. அக்கம்பக்கத்து வாயு, தூசி எல்லாவற்றையும் இழுத்து விழுங்கித்தான் அது வளர்கிறது. விழுங்கியது திரும்ப வராது. ஆனால் விழுவதற்கு முன்னால் அந்த வாயு சுற்றிச் சுற்றி வந்து, ஒன்றோடொன்று உரசி, கொதித்து, வெளிச்சம் விடுகிறது. அந்த வெளிச்சம் மட்டும்தான் நமக்குக் கிடைக்கும். உள்ளே போகும் பொருளில் எத்தனை பங்கு வெளிச்சமாக மாறுகிறது என்பதைக் கணக்கிடுவதுதான் எங்கள் குழுவின் வேலை.

சராசரியாக நூற்றுக்குப் பத்து. பத்தில் ஒன்றுதானா என்று இளக்காரமாக நினைக்காதே. சூரியன் எரிகிறதே, அதில் நூற்றுக்கு ஒன்றுகூட வெளிச்சமாவதில்லை. சுழலாமல் சும்மா இருக்கும் கருந்துளை என்றால் ஆறு. பயங்கர வேகத்தில் சுழல்வது நாற்பது வரை கொடுக்கும். எனக்குப் பயமூட்டுவது இன்னொரு விஷயம். வெளியே விடுவது குறையக் குறைய, உள்ளே தங்குவது அதிகம். குறைவாக ஒளிவிடுவதுதான் சீக்கிரம் பெரிதாகும்.

நீயும் அப்படித்தான், பத்தில் ஒன்றுதான் வெளியே சொல்கிறாய் என்று எங்கள் அறையில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

சித்தி மகள் கல்யாணப் படம் வந்தது. அதில் நீ மறுபடியும் புது ஃபிரேம் மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறாய். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கே ஒரு கண்ணாடி ஆறு மாதம் தாங்கவில்லை என்றால் வாங்குகிறவர்கள் கதி என்ன?

குட்டிக்கு முத்தம். அத்தானுக்கு வணக்கம்.

உன்
பூச்சி


பிப்ரவரி 19

பூச்சிக்கண்ணு,

இந்தக் கடிதம் கடை ரசீதின் பின்பக்கத்தில் வருகிறது. ஒரு தபால்காரம்மா கண்ணாடி மாற்ற வந்திருக்கிறார். வேறு பேட்டையில் கடிதம் போடுகிறவர். "என் கையாலயே பெட்டியில போட்டுடறேன் கண்ணு, நீ எழுது" என்றார். பரிசோதனை அறையில் அவரை உட்கார வைத்துவிட்டு எழுதுகிறேன். வெளியே முதலாளி இருக்கிறார். முதலாளி உன் அத்தானுடைய சித்தப்பா என்பது உனக்குத் தெரியும். என்னை வேலைக்குச் சேர்த்ததே அவர்தான். கடைக்கு எனக்கென்று எது வந்தாலும் அன்று சாயங்காலமே அத்தான் கைக்குப் போய்விடும்.

ஃபிரேம் ஏன் உடைகிறது என்று கேட்டாய். கதவில் இடித்து உடையவில்லை. இப்போது உடைவதும் இல்லை. அடிக்கடி உடைந்தால் சித்தப்பா என்னவென்று கேட்கிறார் அல்லவா. அதனால் உன் அத்தான் முதலில், "கண்ணாடியைக் கழட்டி அலமாரியில வை" என்பார். சத்தம் போட மாட்டார். நான் வைப்பேன். அதற்குப் பிறகு எனக்கு அவர் முகம் சரியாகத் தெரியாது. அது ஒரு விதத்தில் நல்லது.

அவருக்குக் கோபம் வருவதில்லை பூச்சி. கோபக்காரராக இருந்தால் வரும்போது தெரியும். குடிநீர் வாரியத்தில் கசிவு பார்க்கிற வேலை. தொட்டியிலிருந்து எவ்வளவு போனது, வீடுகளுக்கு எவ்வளவு வந்தது, நடுவில் எங்கே காணாமல் போனது என்று பார்ப்பார். தரையில் கம்பியை ஊன்றி அதன் நுனியில் காதை வைத்துக் குழாய் ஓடுவதைக் கேட்பார். வீட்டிலும் அப்படியே. நான் எத்தனை மணிக்குக் கடையை விட்டேன், எந்த பஸ்ஸில் ஏறினேன், பால் எவ்வளவு குறைந்தது, எல்லாம் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அலமாரி.

நீ கிளம்பி வந்துவிடாதே. நீ வருவாய், சண்டை போடுவாய், திரும்பிப் போவாய். நான் இங்கேதான் இருப்பேன். "நீ எங்க வேணா போ, குட்டி இங்கதான் இருப்பா" என்று சொல்லியிருக்கிறார். வழி கிடைக்கும் வரை காத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வரும் உன் கடிதங்களை அவர்தான் பிரிப்பார். நான் எழுதுவதையும் படித்துவிட்டுத்தான் ஒட்டுவார். ஆனால் கருந்துளை வரும் பத்தியை மட்டும் தாண்டிவிடுகிறார். "உன் தங்கச்சி மறுபடியும் ஆகாசத்துக்குப் போயிட்டா" என்று சிரிப்பார். அந்தப் பத்தியில் நாம் பேசிக்கொள்ளலாம். நீ சொன்ன எண்களையே வைத்துக்கொள்வோம். நான் பத்து என்று எழுதினால் எப்போதும் போல, தாங்கிக்கொள்கிறேன் என்று அர்த்தம். ஆறு என்றால் இனி முடியாது, எப்படியாவது வழி பண்ணு. நாற்பது என்றால் நாங்கள் இருவரும் வெளியே வந்துவிட்டோம்.

ஏழு வயதுப் பிள்ளை முன்னால் இதுவரை எதுவும் நடக்கவில்லை. அது போதும் இப்போதைக்கு.

உன்னைப் பூச்சி என்று கூப்பிட்டால் இது என் கடிதம். தங்கை என்று எழுதியிருந்தால் அவர் பக்கத்தில் இருக்கிறார்.

தபால்காரம்மா கைப்பையைத் திறந்து ஸ்டாம்ப் தேடுகிறார். வெளிநாட்டுக்கு இது போதுமா தெரியவில்லை என்கிறார்.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு அனைவரும் நலம். அதுபோல் உன் நலம் அறிய ஆவல். உன் அத்தானுக்கு வேலை அதிகம். வெயில் ஆரம்பித்துவிட்டதால் தண்ணீர் திருட்டும் ஆரம்பித்துவிட்டது என்கிறார்.

பள்ளியில் கண் பரிசோதனை செய்தார்கள். குட்டிக்கும் கண்ணாடி போட வேண்டியதாகிவிட்டது. நானே ஃபிரேம் தேர்ந்தெடுத்தேன், நீல நிறம். நன்றாகப் பழகிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பால் கொட்டிவிட்டது. அப்பா சொன்னவுடன் தானாகவே கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்தாள்.

உன் கருந்துளைக் கணக்கை யோசித்துப் பார்த்தேன். பத்து என்பது அதிகம் என்று தோன்றுகிறது. ஆறுதான் சரியாக இருக்கும். நன்றாகப் பார். ஆறு.

இப்படிக்கு,
அன்புடன் அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதற்கு முன்னால் வேறு எதுவும் எழுதினாயா? வரவில்லை. அது என்ன திடீரென்று "தங்கைக்கு"? பூச்சிக்கு என்ன ஆயிற்று? பெரிய மனுஷியாகிவிட்டேனா?

குட்டிக்கு நீலக் கண்ணாடியா! படம் அனுப்பு. அப்பா சொன்னதும் தானாகக் கழற்றி வைத்தாளாமே, சமத்து. உன் வளர்ப்பு.

ஆனால் அக்கா, என் பத்தை மட்டும் தொடாதே. ஆறு எப்படி வந்தது உனக்கு? குழுவில் படித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் தலைவர், "உன் அக்காவை வேலைக்குக் கூப்பிடு" என்றார்.

விளக்கமாகவே சொல்கிறேன். இரண்டு பக்கமும் தனித்தனியாக எண்ண வேண்டும். ஒரு பக்கம், விழுங்கி முடித்து இப்போது ஓய்ந்து கிடக்கும் கருந்துளைகள். அவற்றின் எடையைக் கூட்டினால் மொத்தம் எவ்வளவு உள்ளே தங்கியது என்று தெரியும். இன்னொரு பக்கம், வளர்ந்த காலத்தில் அவை விட்ட வெளிச்சம். அது இன்னும் வானத்தில் பயணம் செய்துகொண்டுதான் இருக்கிறது. அதையும் கூட்ட வேண்டும். உள்ளே தங்கியதையும் வெளியே வந்ததையும் ஒப்பிட்டால் பங்கு தெரிந்துவிடும். யாரும் கூட இருந்து பார்க்கத் தேவையில்லை.

உனக்கு ஆறு வந்தால், வெளிச்சத்தில் ஒரு பகுதியை நீ எண்ணாமல் விட்டுவிட்டாய் என்று அர்த்தம். பல கருந்துளைகள் தூசிக்குப் பின்னால் மறைந்துகொண்டு தின்னும். நேராகப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஆனால் சுற்றியுள்ள தூசி சூடாகும். அந்தச் சூட்டை அளந்து கண்டுபிடிக்கலாம். அதையும் சேர்த்துப் பார், பத்து வந்துவிடும்.

பத்து, பத்து, பத்து. இனி இதில் பேச்சில்லை. இத்துடன் இரண்டு பக்கக் கணக்கையும் இணைத்திருக்கிறேன். நீயே போட்டுப் பார்.

உன்
பூச்சி


மார்ச் 29

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் கடிதமும் கணக்கும் கிடைத்தன. பத்துதான் சரி என்று புரிந்துகொண்டேன். நீ படித்தவள், உனக்குத் தெரியாதா. இனி இதைப் பற்றி எழுத வேண்டாம். குட்டி நலம்.

உன் அத்தான் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறார்.

அன்புடன் அக்கா

கொழுந்தியாளுக்கு ஆசிகள். இத்தனை நாள் உன் ஆகாசப் புராணத்தைத் தாண்டிவிடுவேன். இந்த முறை இரண்டு பக்கக் கணக்கைப் பார்த்ததும் உட்கார்ந்து படித்தேன். இது என் வேலை அம்மா! போனது ஒரு பக்கம், வந்தது ஒரு பக்கம், வித்தியாசம் எங்கே? பதினெட்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். பழைய கடிதங்களையும் எடுத்து மறுபடி படித்தேன். நன்றாக எழுதுகிறாய்.

ஒரு சந்தேகம். உன் அக்கா வீட்டுச் சில்லறைக் கணக்கையே இரண்டு முறை கூட்டுவாள். அவளுக்கு ஆறு எங்கிருந்து வந்தது? கேட்டால் சும்மா தோன்றியது என்கிறாள். எண் சும்மா தோன்றாது. மீட்டர் ஓடினால் எங்கேயோ தண்ணீர் போகிறது என்று அர்த்தம்.

இன்னொன்று. தூசிக்குப் பின்னால் இருப்பதைச் சுற்றியுள்ள சூட்டை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதியிருந்தாய். அருமை. நாங்கள் ஈரத்தை வைத்துக் கண்டுபிடிப்போம்.

அடிக்கடி எழுது. இனி ஒரு வரிகூட விடாமல் படிப்பேன்.

அத்தான்


ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நலம். தபாலில் தாமதமான ஒரு கடிதமும், அத்தான் எழுதிய கடிதமும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. அந்தத் தாமதமான கடிதம் என் பழைய வகுப்புத் தோழி எழுதியது. ஸ்டாம்ப் போதாமல் ஊரெல்லாம் சுற்றி வந்திருக்கிறது. முதலிலேயே வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அக்கா, கணக்கைத் திரும்பப் பார்த்தேன். சுழலாதவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் நீ சொன்ன ஆறுதான். நீ சொன்னதே சரி.

அத்தான், உங்கள் சந்தேகத்துக்குக் கடிதத்தில் பதில் எழுதினால் பத்து பக்கம் ஆகும். நல்ல வேளை, ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. மே மாதம் மூன்றாம் சனிக்கிழமை உங்கள் தலைநகரத்தில் எங்கள் தலைவர் பொதுமக்களுக்குப் பேசுகிறார். நானும் உதவிக்கு வருகிறேன். உங்கள் ஊரிலிருந்து காலை ரயிலில் கிளம்பினால் மதியத்துக்குள் வந்துவிடலாம். கசிவுக் கணக்கு பற்றி நீங்கள் எழுதியதைத் தலைவரிடம் படித்துக் காட்டினேன். அவர் துள்ளிக் குதித்தார். "அவரை முதல் வரிசையில உட்கார வைங்க, நடுவுல மைக் குடுங்க, அவரே கேக்கட்டும்" என்றார். மூன்று பேருக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறேன்.

சில விவரங்கள். படம் காட்ட விளக்கை அணைத்துவிடுவார்கள். சின்னப் பிள்ளைகள் இருட்டில் அழுவார்கள் என்பதால், தொடங்கியதும் அவர்களைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போய் வேறு படம் காட்டுவது வழக்கம். அம்மாக்களும் கூடப் போகலாம். பிள்ளைகளை உள்ளே விட வயதுச் சான்று கேட்பார்கள். குட்டியின் பிறப்புச் சான்றிதழைக் கையோடு எடுத்து வா. இருட்டில் படிகள் இருக்கின்றன. நீயும் குட்டியும் கண்ணாடியைக் கழற்றவே கூடாது. எங்கேயும் கழற்றி வைத்துவிடாதீர்கள்.

நேரில் பார்ப்போம்.

அன்புடன்
பூச்சி


ஏப்ரல் 26

அன்புள்ள தங்கைக்கு,

அழைப்பு கிடைத்தது. நான் குட்டியோடு வீட்டிலேயே இருந்துவிடுகிறேன், நீங்கள் மட்டும் போய் வாருங்கள் என்று அத்தானிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. மூவரும் வருகிறோம். குட்டியின் சான்றிதழை அவரே தன் பையில் வைத்திருக்கிறார்.

வேறு ஒன்றும் விசேஷம் இல்லை.

அன்புடன் அக்கா

கொழுந்தியாளுக்கு. இருக்கை எண்களைப் பார்த்தேன். சுவர் பக்கம் குட்டி, நடுவில் உன் அக்கா, வழியோரம் நான். அதுவே வசதி. மார்ச் கடிதத்தில் பத்துக்காக இரண்டு பக்கம் வாதாடினாய். இதில் ஒரே வரியில் விட்டுக்கொடுத்துவிட்டாய். நேரில் கேட்கிறேன்.

அத்தான்


மே 27

பூச்சிக்கண்ணு,

எங்களை வண்டியில் அழைத்துவந்த உன் தோழி இந்தக் கடிதத்தைத் தானே உனக்கு அனுப்பி வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று எழுத மாட்டேன். ஒரு அறை, இரண்டு கட்டில், உள்ளே தாழ்ப்பாள். தாழ்ப்பாளை நான்தான் போடுகிறேன், நான்தான் எடுக்கிறேன். இன்னும் பழகவில்லை.

நீ வழிக்கு மறுபுறம், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். அதனால் எங்கள் பக்கம் நடந்தது உனக்குத் தெரியாது.

விளக்கு அணைந்தது. ஒரு பெண் டார்ச் அடித்துக்கொண்டு வந்து பிள்ளைகளைக் கூப்பிட்டாள். நான் எழுந்தேன். வழியில் அவர் முழங்கால். அவர் காலை மடக்கி வழிவிட்டார் பூச்சி. அவரேதான் விட்டார். பிறகு கையை நீட்டினார். குட்டி சட்டென்று நின்றாள். தன் கண்ணாடியைக் கழற்றக் கையைத் தூக்கிவிட்டாள். அவர் நீட்டியது தண்ணீர் பாட்டில். மறு கையில் சான்றிதழ். "கேப்பாங்களாம்ல, இந்தா" என்றார். வாங்கிக்கொண்டேன். நன்றி என்றுகூடச் சொன்னேன்.

டார்ச் காட்டிய பெண் காதோடு சொன்னபடி பிள்ளைகள் அறையைத் தாண்டிப் போனோம், நீளமான நடைவழி. அங்கே சுவரில் ஒலிபெருக்கி வைத்திருப்பார்கள் என்று நீ சொல்லவில்லையே! பாதி தூரம் போயிருப்போம், தலைக்கு மேலே அவர் குரல். "உள்ள போனது இவ்வளவுதான்னு எப்படி நிச்சயமா சொல்றீங்க? விழுந்ததை யாரு கூட இருந்து பாத்தா?" என்று கேட்கிறார். அவ்வளவு பெரிய சத்தத்தில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. என் கால் நின்றுவிட்டது. திரும்பி நடந்திருப்பேன், உண்மையாகத்தான் சொல்கிறேன். குட்டி என் கையை இழுத்தாள். "அம்மா, அப்பா மைக்ல பேசுறாங்க. அப்போ இங்க இல்ல" என்றாள்.

பிறகு பக்கவாட்டுக் கதவு, உன் தோழியின் வண்டி, அவ்வளவுதான். மூன்றாவது சிக்னலில்தான் உன் தோழி, "பெல்ட் போட்டுக்குங்கக்கா, இல்லேன்னா போலீஸ் புடிக்கும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை.

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள் அந்தத் தபால்காரம்மா மறுபடி சரிசெய்யக் கொடுத்திருந்த கண்ணாடியை முடித்து உறையில் போட்டு வைத்துவிட்டேன். வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

உன் பக்கம் என்ன நடந்தது? விளக்கு போட்டதும் அவர் என்ன செய்தார்? எல்லாவற்றையும் எழுது. பத்தில் ஒன்று வேண்டாம், பத்தையும் எழுது. தெரியாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

அக்கா


ஜூன் 8

அன்புள்ள அக்கா,

கேட்டுவிட்டாய், எழுதுகிறேன்.

தலைவர் அவருக்கு நல்ல பதில் சொன்னார். யாரும் கூட இருந்து பார்க்கவில்லை, ஆனால் வெளிச்சம் பொய் சொல்லாது என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அத்தானும் தட்டினார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஒரு நிமிடம், எதிரில் இருந்த திரையைப் பார்த்துக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி இருந்தார். அதைப் பார்த்துத்தான் எனக்கு அதிகமாகப் பயம் வந்தது.

விளக்கு வந்தது. காலி இருக்கைகளைப் பார்த்தார். எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். திரும்பி வந்து உன் இருக்கையில் உட்கார்ந்தார். தன் இருக்கையில் இல்லை, உன்னுடையதில். ஜனங்கள் கலைந்து போய்க்கொண்டிருந்தார்கள். என்னை ஏறிட்டுப் பார்க்காமலே கேட்டார்:

"எவ்வளவு நாளா ஆறு?"

இருக்கைகளில் கிடந்த அழைப்புத் தாள்களைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"மார்ச்சுலயே எழுதிட்டா. நான்தான் ஒட்டினேன்" என்றார். பிறகு, "நீ அப்ப பத்துன்னு சண்டை போட்ட. உனக்குத் தெரியல. ஏப்ரல்லதான் தெரிஞ்சுது. சரியா?" என்றார்.

சத்தமே போடவில்லை. நீ எழுதியது போலவேதான். அப்புறம் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, "கசிவு எங்கன்னு கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை. அவசரம் இல்ல" என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போனார்.

இதை உனக்குச் சொல்லாமல் இருக்கலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். ஆனால் நம் வீட்டில் இனி அந்தப் பழக்கம் வேண்டாம். உனக்காக நான் அமர்த்திய வக்கீலம்மா மனு போட்டுவிட்டார். குட்டியை அத்தான் நெருங்கக் கூடாது என்று தற்காலிக உத்தரவு கிடைத்திருக்கிறது. இருந்தாலும் நீங்கள் இன்னொரு முறை இடம் மாற வேண்டும். கண்ணாடிக் கடைகளில் வேலை தேடாதே. முதலில் அங்கேதான் பார்ப்பார். உன் கையெழுத்தில் எந்த உறையிலும் முகவரி எழுதாதே. வேறு யாரையாவது எழுதச் சொல்.

என் வேலையைப் பற்றி எழுதவே கை வரவில்லை. இப்போது குழுவில் யாராவது பத்து என்றாலும் ஆறு என்றாலும் எழுந்து வெளியே போய்விடுகிறேன். தலைவரிடம் சொல்லி வேறு பகுதிக்கு மாறிக்கொண்டேன். தூசியின் சூட்டை அளக்கிற பகுதி.

உன் கடிதத்தை நான்கு முறை பார்த்துவிட்டேன். எல்லாம் இருக்கிறது, எண் மட்டும் இல்லை. நாற்பது என்று எழுதுவதாகத்தானே பேச்சு? இந்தத் தடவையாவது எழுது. அதை ஒரு முறை பார்த்துவிட்டால் தூங்குவேன்.

உன்
பூச்சி


ஜூன் 30

பூச்சிக்கண்ணு,

உறையில் இருப்பது பக்கத்து அறைப் பெண்ணின் கையெழுத்து. இடம் மாறிவிட்டோம். துணிக்கடை ஒன்றில் அளவு எடுக்கும் வேலை. கடைக்காரம்மா கடித்துக் குதறுவார், ஆனால் கதவைச் சாத்தாமல் குதறுவார்.

நீ எல்லாவற்றையும் சொன்னது நல்லதாயிற்று. அவசரம் இல்லை என்று அவர் சொன்னது மட்டும் காதிலேயே இருக்கிறது. தெருவில் தண்ணீர்க்குழாய் ஆட்கள் பள்ளம் தோண்டினால் வேறு தெரு வழியாகப் போகிறேன். பஸ்ஸில் ஏறியதும் மணி பார்க்கிறேன், யாருக்குக் கணக்குச் சொல்வதற்கு என்று தெரியவில்லை.

நாற்பது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை பூச்சி. பொய் எழுதினால் நீ மறுபடி தப்பாகப் படித்துவிடுவாய். பத்து என்றே வைத்துக்கொள் என்று எழுத இருந்தேன்.

அதற்குள் ஒன்று நடந்தது. இன்று மத்தியானம் குட்டி டம்ளரைத் தட்டிவிட்டாள். பால் தரையெல்லாம் ஓடிற்று. என் கைதான் தானாக என் கண்ணாடிக்குப் போயிற்று. அவள், "அச்சச்சோ" என்று சொல்லிவிட்டு, துணி எடுத்துவந்து துடைத்து, அப்படியே பாயில் படுத்துத் தூங்கிவிட்டாள். கண்ணாடியைக் கழற்றவே இல்லை. நீல ஃபிரேம் கன்னத்தில் அழுந்திக் கோணிக்கொண்டு கிடக்கிறது. எழுந்ததும் நிமிர்த்த வேண்டும். சின்ன ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்க வேண்டும்.

அதற்கு ஒன்று கூட்டிக்கொள். பதினொன்று.

அக்கா